ஹவாவின் பிளாஸ்க்

அன்புள்ள அம்மாவுக்கு, இக்லாஸ் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா தேநீரில் சர்க்கரையைக் குறைத்தாரா? எங்கள் எல் ஒபைத் ஆஸ்பத்திரிப் பக்கம் மூன்று நாளாகக் குண்டு விழவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

லாரிக்காரர் பக்ரியிடம் அப்பாவுக்கு ஒரு புட்டி இன்சுலின் கொடுத்தனுப்புகிறேன். வார்டில் கடைசியாக இருந்தது அதுதான். யாருக்கும் தெரியாமல் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து வைத்திருந்தேன்.

இன்று காலை ஹவா என்றொரு பெண் தன் மகளுக்கு இன்சுலின் கேட்டு வந்தாள். கரண்ட் இல்லாததால் இங்கே எல்லோரும் பிளாஸ்க்கில் ஐஸோடுதான் மருந்து வாங்க வருவார்கள். நான் நர்ஸ் உடையில் நின்றுகொண்டு, "தீர்ந்துபோச்சுக்கா" என்றேன். அவள் தன் பிளாஸ்க்கை என்னிடம் நீட்டினாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ஐஸ் வீணாத்தான் உருகும் தங்கச்சி. மருந்து கிடைச்ச யாருக்காச்சும் குடு. பிளாஸ்க்கை வியாழக்கிழமை வந்து வாங்கிக்கறேன்."

அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். அப்பாவின் மருந்து அந்த ஐஸில்தான் வருகிறது. அவரிடம் சொல்லாதீர்கள்.

குழம்பில் போட வெண்டைக்காய்ப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள்; தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. பக்ரி ஹாரன் அடிக்கிறார். பிளாஸ்க்கைக் கழுவி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அம்மா. வியாழக்கிழமை அதையாவது அவளிடம் இல்லையென்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மகள்,
இக்லாஸ்