தப்படியின் மேல் ஓடிய சொற்கள்

இன்று காலை ஒரு டேப் ரெக்கார்டரைத் துடைக்கப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் ரேடியோக் கடைக்குள் நீ வந்து நிற்பதுபோல இருந்தது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் பதுளைக் கடைவீதிக்கு இறங்கி வருவாய். நீ செய்ததைப் பாட்டென்று அப்போது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ராகம் கிடையாது. உன் அப்பா தப்பு மேளம் அடிக்க, அடிக்கு அடி சொற்களை ஓடவிடுவாய்: கொழுந்துக் கூடை, அட்டைக்கடி, ஒழுகும் லயத்து வீட்டுக் கூரை. கடையின் பின்னறையில் அதைப் பதிவு செய்தோம். தகரக் கதவில் சாக்கைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினாய். அப்பாவைச் சுவரோரம் உட்கார்த்திவிட்டு நீ மைக்குக்குக் கிட்ட நின்றாய். யாரும் சொல்லித்தரவில்லை, உன் காதுதான் சொன்னது.

கேசட் வெளியிடும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து அந்தப் பதிவைக் கேட்டார். "தம்பி, குரல் நல்லாயிருக்கு. இந்தச் சாவு மோளத்த எடுத்துட்டு ஆர்மோனியம் வைங்க, நான் போடுறேன்" என்றார்.

உன் அப்பா தலைகுனிந்து தப்பைத் துணியில் சுற்றத் தொடங்கினார். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"மோளம் இல்லாட்டி பாட்டும் இல்லைங்க."

கொழும்புக்காரர் போனபின் எனக்குத்தான் மனம் ஆறவில்லை. "இப்பிடி ஒரு சான்ஸ் இனிக் கெடைக்குமா?" என்றேன்.

"நாமளே போடுவோம் நானா" என்று, சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டுச் சிரித்தாய்.

இரண்டு ரெக்கார்டர்களை இணைத்து ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தோம். நீ அவற்றை பஸ் டிரைவர்களிடம் கொடுத்தாய்.

ஒரு மாலை, தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் அது ஒலித்தது. நாம் மூவரும் பின் சீட்டில் இருந்தோம். சாமான் பைகளோடு இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முடிந்ததும் ஒருத்தி, "டிரைவர் அண்ணே, இன்னொருக்கா போடுங்க" என்றாள். இழவு வீட்டுக்கு மட்டுமே அழைக்கப்பட்டுப் பழகிய உன் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அது என் அடிங்க" என்றார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

பிறகு கலியாண வீடுகளுக்கும் உங்களைக் கூப்பிட்டார்கள். பூனாகலை வரை போய் வந்தீர்கள். பெரிய கம்பெனி எதுவும் கடைசிவரை உன்னைத் தேடி வரவில்லை; நீயும் தேடிப் போகவில்லை.

நெஞ்சு நோய் உன்னைக் கொண்டுபோன அன்று, யார் தடுத்தும் கேளாமல் உன் அப்பாவே தப்பை எடுத்தார். மயானத்துக்குப் பாதி வழியில் அவர் கை ஓய்ந்துவிட்டது. எல்லோரும் நின்றோம். அப்போது கூட்டத்தில் யாரோ உன் சொற்களைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பாட வராத நானும் சொன்னேன். அவர் கை மறுபடி எழுந்தது.

இப்போதும் தனியே நடக்கும்போது அந்தச் சொற்கள் என்னை அறியாமல் வாய்க்கு வருகின்றன. கொஞ்சநேரத்தில் என் நடையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.