வலப்பக்கம்தான் வருவோம்

எடப்பாடி,
3.2.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, நேற்று சேலத்தில் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். மேல் படியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கண்ணில் பட்டிருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னை வெளியே அனுப்பியிருப்பாய்.

என் நம்பரை நீ தடுத்து வைத்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. அதனால்தான் கடிதம். தபாலாபீசில் உறை வாங்கும்போது அங்கிருந்த பெண், "இந்தக் காலத்துல யாருக்குங்க சார் லெட்டரு?" என்றாள். "ஊட்டுக்காரிக்குங்க" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

முதலில் உன் கூடைப்பந்து அணிக்கு வாழ்த்து. 58-54. சேலத்துப் பெண்களை அவர்கள் ஊரிலேயே தோற்கடிப்பது லேசான காரியமில்லை. ஆனால் குறை சொல்லாமல் என்னால் இருக்க முடியாதே. இருபத்தொரு ஃப்ரீ த்ரோவில் ஒன்பதுதான் விழுந்தது. யாரும் குறுக்கே நிற்காமல் நிதானமாகப் போடுகிற பந்து அது, பிரியா! உன் உயரமான பெண் கனிஷ்கா ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போனபோது மூன்று நிமிடம் பாக்கி. அப்போதே நீ டைம் அவுட் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த மோனிஷா இல்லாவிட்டால் உன் பாடு திண்டாட்டம்தான். ஐம்பத்தெட்டில் இருபத்து நான்கு அவள் போட்டது. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கமாகவே புகுந்தாள். சேலத்துப் பயிற்சியாளருக்கு அது கடைசி வரை புரியவில்லை. எனக்கு ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அடுத்தது பத்தொன்பதாம் தேதி, நாமக்கல்லில், மண்டல இறுதி ஆட்டம். எதிரே நிற்கப்போவது என் கல்லூரிப் பெண்கள். மூன்று வருடமாக இந்த மண்டலத்தில் தோற்காதவர்கள். பார்த்துக்கொள்.

விவாகரத்து மனு என்று வக்கீல் அனுப்பிய தாள் என் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. நீயும் போடவில்லை என்று கேள்வி. பதினோரு வருடம் ஒன்றாக இருந்ததை இரண்டு கையெழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டுமா? இந்த ஆட்டம் முடிந்ததும் ஒரு பதில் சொல். வருகிறாயா, இல்லையா?

நேற்றுப் படி இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். இடது காலுக்குப் போடுகிற பட்டை ஒன்று வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

என்றும் உன்,
மோகன்குமார்


ராசிபுரம்,
6.2.2025

எடப்பாடி அணியின் பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதமும் பட்டையும் வந்தன. எனக்கு வலிப்பது வலது முழங்கால். எட்டு வருடமாக வலது முழங்கால்தான் வலிக்கிறது. அதையும் உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் நன்றி.

ஃப்ரீ த்ரோவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். இப்போது தினமும் காலையில் ஆளுக்கு நூறு போடுகிறார்கள். டைம் அவுட் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேலத்துப் பெண்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தியிருந்தால் அவர்கள் தண்ணீர் குடித்துத் தெம்பாகியிருப்பார்கள். என் பிள்ளைகளுக்கு அப்போது என் பேச்சு தேவைப்படவில்லை.

உங்கள் அரையிறுதியை நானும் பார்த்தேன். முன் வரிசையில், துண்டு கிண்டு எதுவும் போடாமல். நீங்கள்தான் என் பக்கம் திரும்பவில்லை. உங்கள் அணி எங்களைவிடப் பலமான அணி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆறடிப் பெண் நிலா கூடைக்குக் கீழே நின்றால் எங்கள் ஆட்களில் ஒருத்தியும் அவளைத் தாண்டிப் பந்தைப் போட முடியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். உங்கள் பெண்கள் ஒவ்வொரு பாஸுக்கும் முன்னால் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பந்தை விடுகிறார்கள். அவர்கள் கண்ணை அவர்களே நம்பக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

பதில் கேட்டீர்கள். ஜெயித்தவர் தூக்கிக்கொண்டு போக நான் கோப்பை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சில சாயங்காலம் எடப்பாடி பஸ் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஏறவிடாமல் பிடித்து வைப்பது தொப்பூர்தான்.

மறந்திருக்க மாட்டீர்கள். ஓசூரில் ஆட்டம் முடிந்து வரும்போது தொப்பூரில் எங்கள் வண்டி நின்றுவிட்டது, வர நேரமாகும் என்று போனில் சொன்னேன். சரி என்றீர்கள். ஒரு வாரம் கழித்து டிரைவர் அப்புசாமி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். வண்டி நெசமாலுமே நின்னுச்சான்னு சார் எனக்குப் போனு போட்டாருங்க. மெக்கானிக்கு நம்பரும் வாங்குனாருங்க" என்றார். மைதானத்தில் பதினைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

பதிலை ஆட்டம் முடிந்து எழுதுகிறேன்.

சண்முகப்பிரியா
உடற்கல்வி இயக்குநர்


எடப்பாடி,
10.2.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

ஒரே ஒரு போன் பண்ணியதற்காக ஒன்றே முக்கால் வருடமா? அக்கறை இல்லாதவன் ஏன் விசாரிக்கப்போகிறான்? நேரமாகிறதே, என்ன ஆயிற்றோ என்கிற பதைப்பில் கேட்டேன். அதைப் பெரிதுபடுத்திக்கொண்டு நீ அங்கே, நான் இங்கே. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத் துணை. போகட்டும். முழங்காலும் மாறிப்போய்விட்டது, மன்னித்துக்கொள்.

ஆட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அணி பலமானது என்று ஒரு முழக் கடிதத்தில் புகழ்ந்திருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ இப்படிப் புகழ்ந்தால் பின்னால் ஏதோ இருக்கிறது. சேலத்து ஆட்டத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இடது மூலையில் ஒரு சின்னப் பெண்ணை ஆட்டம் முழுக்க நிறுத்தி வைத்திருந்தாய். ஒரு பந்துகூட அவளிடம் போகவில்லை. மோனிஷாவை வலப்பக்கம் விட்டு ஊரையெல்லாம் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு, அந்த இடது மூலைச் சரக்கை எனக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறாய். சரிதானே?

ஒளிக்காமல் உள்ளதைச் சொல்லேன், பார்க்கலாம்.

உன்,
மோகன்குமார்


ராசிபுரம்,
13.2.2025

மோகன்குமார் அவர்களுக்கு,

உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

பந்து மோனிஷா கையில் இருக்கும். கனிஷ்கா முன்னால் ஏறிவந்து ஃப்ரீ த்ரோ கோட்டில் மறைத்து நிற்பாள். மோனிஷா அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் புகுவாள். நிலா அவளைத் தடுக்க வந்தால் பந்து கனிஷ்காவுக்கு. வராவிட்டால் மோனிஷாவே போடுவாள். முதல் குவார்ட்டரிலும் அதுதான், நாலாவதிலும் அதுதான். அதைத் தடுக்க நிலாவை வலப்பக்கமே நிறுத்தி வைத்துவிட்டால் எங்களுக்கு வேறு வழி தெரியாது. நாங்கள் ஒரு வருடமாகப் பழகியது இது ஒன்றுதான். ஒளித்து வைக்க எங்களிடம் இரண்டாவதாக ஒன்று இருந்தால்தானே!

இடது மூலையில் நின்ற பெண் முதல் வருடம் படிக்கிறாள். வெண்ணந்தூர்ப் பிள்ளை. பந்தைத் தொட்டே மூன்று மாதம்தான் ஆகிறது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அதனால்தான் அவளுக்கு யாரும் கொடுப்பதில்லை.

இதை எதிரணிக்கு எழுதலாமா என்று என் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கனிஷ்கா கொஞ்சம் தயங்கினாள். மோனிஷா இடுப்பில் பந்தை இடுக்கிக்கொண்டு, "எழுதுங்க மேம். வலப்பக்கந்தான் வாரோம்னு எழுதுங்க. தடுக்கறவீங்க வந்து தடுக்கட்டும், நானும் பாக்கறேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வயதில் எனக்கு இந்தத் திமிர் இல்லை. இப்போது வந்திருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி பார்க்கலாம்.

சண்முகப்பிரியா


எடப்பாடி,
21.2.2025

பிரியாவுக்கு,

ஜெயித்துவிட்டாய். 63-57. கோப்பையை வைத்துக்கொண்டு உன் பெண்கள் நாமக்கல் முழுக்க ஆடியதாகச் சொன்னார்கள். ஆடட்டும்.

ஆனால் நீ ஜெயித்தது ஆடுகளத்தில் இல்லை, கடிதத்தில். உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான்கு நாள் நான் என் பெண்களுக்கு இடப்பக்கத்தை அடைக்கத்தான் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பயிற்சியாளராவது தன் வித்தையை எதிரணிக்கு எழுதி அனுப்புவாரா? வலப்பக்கம் என்று நீ எழுதினால் இடப்பக்கம் என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். நிலாவை அந்த வெண்ணந்தூர்ப் பெண் பக்கம் நிறுத்தினேன். மோனிஷா வலப்பக்கமே வந்தாள். முதல் குவார்ட்டர் ஆசை காட்டுகிறாள், இரண்டாவதில் மாற்றுவாள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. மூன்றாவதில் கட்டாயம் மாற்றுவாள் என்றேன். நிலாவே வந்து, "சார், அவீங்க வலப்பக்கந்தானுங்க வாராங்க, நான் அங்க போறனுங்க" என்று கெஞ்சினாள். "சொன்ன எடத்துல நில்லு" என்று அதட்டினேன். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அவளை வலப்பக்கம் விட்டேன். பதினெட்டுப் புள்ளி வித்தியாசம் ஆறாகக் குறைந்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

உண்மையை எழுதினால் இவன் நம்பமாட்டான் என்று கணக்குப் போட்டு, அதற்காகவே உண்மையை எழுதியிருக்கிறாய். இப்படி ஒரு தந்திரம் எனக்கு ஏழு ஜன்மத்திலும் தோன்றியிருக்காது.

கோபம் இல்லை. தோற்றவன் சொல்கிறேன், எனக்குக் கோப்பை வேண்டாம். நீ வந்தால் போதும். ஊட்டுக்கு வா சாமி.

மோகன்


ராசிபுரம்,
25.2.2025

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பயிற்சியாளருக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். அதனால் பழையபடியே கூப்பிட்டிருக்கிறேன்.

தந்திரம் என்கிறீர்கள். ஒரு தடவை எனக்குச் சுரம் வந்தது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் நீங்கள் மாத்திரை வாங்கப் போனீர்கள். நூற்றிரண்டு இருந்ததால் நான் பிழைத்தேன், தொண்ணூற்றெட்டு காட்டியிருந்தால் அதுவும் தந்திரம். தொப்பூரில் நின்ற வண்டியும் தந்திரம். இப்போது உள்ளதை உள்ளபடி எழுதியதும் தந்திரம். உங்களிடம் நான் எப்படித்தான் உண்மை பேசுவது, மாமா? அதற்கு ஒரு வழி பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்து நான் எழுதவில்லை. இந்தத் தடவை நம்புவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

நம்பியிருந்தால் நாங்கள் தோற்றிருப்போம். கடைசி ஐந்து நிமிடத்தில் உங்கள் பெண்கள் பதினான்கு போட்டார்கள், நாங்கள் இரண்டு. நாற்பது நிமிடமும் நிலா வலப்பக்கம் நின்றிருந்தால் என் பிள்ளைகள் கதி என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மோனிஷா தேம்பித் தேம்பி அழுதிருப்பாள். நானும்தான் அழுதிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலமே எடப்பாடி பஸ் ஏறியிருப்பேன். நாமக்கல்லுக்குக் கொண்டுவந்த பையில் விசிலும் நோட்டும் மட்டும் இல்லை. நாலு புடவையும் இருந்தது. நம் வீட்டுச் சாவியும் இருந்தது.

ஆட்டம் தொடங்கி நிலா நேராக இடப்பக்கம் போய் நின்றாள். என் பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயிக்கப்போகிறோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் உங்கள் பக்கம் பார்த்தேன். இப்போதாவது அவளை மாற்றுங்கள் என்று எதிரணியின் பயிற்சியாளரை மனதுக்குள் கெஞ்சிய பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். நீங்கள் மாற்றினீர்கள். என்னை நம்பி மாற்றவில்லை, ஸ்கோர் போர்டை நம்பி மாற்றினீர்கள்.

நிலாவைத் திட்டாதீர்கள். அந்தப் பெண் கண்ணால் கண்டதைச் சொன்னாள். அவளுக்கு எங்கள் கல்லூரியில் எப்போதும் இடம் உண்டு என்று சொல்லுங்கள், வந்தால் மண்டலமே எங்களுடையது.

அடுத்த மாதம் கோவைக்குப் போகிறோம். அங்கே எங்களைவிட உயரமான பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்களாம். அவர்களுக்கும் எங்கள் ஆட்டம் தெரிந்திருக்கும். தெரியட்டும். என் கடிதத்தை வேண்டுமானால் நீங்களே அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். நாங்கள் வலப்பக்கம்தான் வருவோம். தோற்றால் தோற்றுவிட்டு வருவோம். என் பிள்ளைகளை ஒளிந்து ஆடச் சொல்ல மாட்டேன், நானும் இனி ஒளிந்து நிற்க மாட்டேன்.

மனுவில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சாவியும் உறைக்குள் இருக்கிறது. முழங்கால் பட்டையை நான் வைத்துக்கொள்கிறேன், வலது காலுக்கும் அது பொருந்துகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பெரியவர்களை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள்.

நான் வரவில்லை. இதற்குப் பின்னால் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அப்புசாமி அண்ணனைக் கேட்க வேண்டாம். இதையாவது நம்புங்கள்.

பிரியா