மிஹ்ராபுக்குப் பின்னால் ஒரு கல்

மலாக்கா,
ஷஅபான் பிறை 9

அன்பு நண்பன் கிம் சுவீக்கு மஹ்சான் எழுதுவது. பெர்த் நகரில் நீயும் மகள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. என் மனைவி மைமூனா மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம், "இது கிம் சுவீ அண்ணனுக்குப் புடிச்ச உறைப்பு" என்று சொல்லாமல் சட்டியை இறக்குவதில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. நம் பள்ளிவாசலின் மூன்றடுக்குக் கூரையைப் பிரித்து ஓடு மாற்றுகிறார்கள். மழைநீருக்கு வழிசெய்ய, இமாம் நின்று தொழவைக்கும் மிஹ்ராப் மாடத்துக்குப் பின்னால் தோண்டியபோது, யாரையோ அடக்கிய இடத்துக் கபுறுக்கல் ஒன்று கிடைத்தது. ஒருபக்கம் அரபு எழுத்தில் மலாய், மறுபக்கம் சீனம். நடுவில், இமாம் ஏறி நின்று பிரசங்கம் செய்யும் மிம்பர் படியில் செதுக்கியிருக்கும் அதே பூ. "பள்ளிவாசல் கட்டிய ஆசாரி" என்பதும் அவருடைய ஊரும் தெரிகின்றன. பெயர் இருந்த இடம் பொரிந்துபோய்விட்டது. சீன மருந்துக் கடைக்காரர் ஊரைப் படித்துச் சொன்னதும் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னேன். உன் முன்னோருடையது என்று நீ சொன்ன அதே ஊர்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், "எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டின பள்ளிவாசல்டா அது. கலிமா சொல்லி இஸ்லாத்துல சேர்ந்து அங்கயே அடங்கிட்டாரு" என்று வம்சத் தாளை என்னிடம் நீட்டினாய். நான் அதைப் பார்க்கவே இல்லை. "அப்படியா தவ்கே முதலாளி! அப்போ நாளைக்கே நோன்பு புடி. உங்க வீட்டுப் பன்னிக்கறிச் சட்டிய யாரு கழுவுறது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ தாளை மடித்து வைத்துக்கொண்டாய். அடுத்த பருவத்தில் மாற்றல் வாங்கிப் போய்விட்டாய்.

முப்பது வருடம் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ப் பாடம் நடத்தியவன் நான். கூரை ஜாவா, மினாரா சீனத்துப் பகோடா, தூண் ஐரோப்பா. ஓடு சீனத்திலிருந்து கப்பலேறி வந்ததை நம்பினேன். அதோடு ஒரு மனிதனும் வந்து இங்கேயே தங்கியிருப்பான் என்பதை நம்பவில்லை. விடை சரியாக இருந்தும் சுழி போட்ட வாத்தியாரைப் பார்த்திருக்கிறாயா? நான்தான்.

நிர்வாகக் குழுச் செயலாளர், "சொந்தம்னு யாரும் வரலைன்னா அருங்காட்சியகக் கிடங்குக்கு அனுப்பிடலாம் வாத்தியாரே, வடிகால் வேலை நிக்குது" என்கிறார். ரமலான் நோன்பு பிறக்கும்வரை, இன்னும் மூன்று வாரம், தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளின் நகல் ஒன்று போதும், கல் இருந்த இடத்திலேயே இருக்கும். என்மேல் உள்ள கோபத்தை நீயே வைத்துக்கொள், அது உன் உரிமை. உன் முன்னோரை மட்டும் விட்டுவிடாதே.

தினமும் மாலை அஸர் தொழுதபின் அந்தக் கல்லருகே நின்று இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓதுகிறேன். யாருக்காக என்று சொல்லும் இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. அவர் பெயரை எழுது, கிம் சுவீ.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மஹ்சான்