நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கொண்டை ஊசி

பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள் கைக்கு வந்தது, மேடம். என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியில் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். மேல் ஓரத்தில் நீங்கள் செருகிய கொண்டை ஊசி துருவேறி ஒட்டிப் போயிருக்கிறது. இழுத்தால் தாள் கிழியும். அப்படியே மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் இறந்துபோய் ஒன்பது மாதம் ஆகிறது. உங்களிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது.

பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, போடலாம், வேண்டாம் என்று குறிப்பு எழுதுவது உங்கள் வேலை. எழுதியவனை அலுவலகத்துக்கும் கூப்பிட மாட்டீர்கள், வீட்டுக்கும் விட மாட்டீர்கள். காலை மின்சார ரயிலில்தான் தீர்ப்பு. அன்று மட்டும் மகளிர் பெட்டியை விட்டுப் பொதுப்பெட்டிக்கு வருவீர்கள். எண்பதுகளின் கடைசி அது. அஸ்தினாபுரத்தில் புதுவீடு கட்டிக் குடிவந்திருந்த நான், உட்கார இடம் வேண்டுமே என்று குரோம்பேட்டையிலிருந்து பின்னோக்கித் தாம்பரம் வந்து, ஜன்னலோரம் உங்களுக்காகக் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். முதல் நாவல். நான்கு வருஷ உழைப்பு.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றீர்கள். வண்டி கிளம்பக்கூட இல்லை, நான் அதற்குள் அட்டைப்படத்துக்கே போய்விட்டேன். "ஆனா இந்தப் பக்கத்துல நின்னுட்டேன்." நம்ப முடியாத இடத்தில் கொண்டை ஊசி செருகுவது உங்கள் பழக்கமாம். முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு ஊசி.

கதை எங்கள் கதைதான். கோவிலம்பாக்கத்தில் தாத்தா பேரன்கள் இருவர் பேரிலும் எழுதி வைத்த நிலத்தை, அம்மா அழ அழ, அண்ணன் மனை போடுகிறவர்களுக்கு விற்கிறான். தம்பி காய்ச்சலில் கிடக்கிறான். அவன் எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

"ரெண்டு பேர் பேர்லயும் இருக்கற நிலம். தம்பி கையெழுத்து இல்லாம எப்படி சார் பதிவாச்சு? எங்கப்பா பத்திரம் எழுதறவர். என் காதுல பூ சுத்தாதீங்க."

"கதைதானே மேடம்?"

"கதைக்காக வந்த காய்ச்சல் மாதிரி தெரியலையே. உங்களுக்காக வந்த மாதிரின்னா இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க என்ன போலீசா?" என்று கத்தினேன். எதிரே இருந்தவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். நீங்கள் அசையவே இல்லை. "திங்கட்கிழமை முதலாளிகிட்ட குறிப்பு கொடுக்கணும். இப்படியே இருந்தா வேண்டாம்னுதான் எழுதுவேன்." அந்த ஒரு பக்கம் உங்கள் கையிலேயே இருக்க, மற்றத் தாள்கட்டைப் பிடுங்கிக்கொண்டு பல்லாவரத்தில் இறங்கிவிட்டேன். அன்று வேலைக்கும் போகவில்லை.

அது வியாழக்கிழமை. மூன்று நாள் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். உங்களையும் திட்டித் தீர்த்தேன். திட்டி ஓய்ந்தபோது உண்மை அப்படியே இருந்தது. தரகரைக் கூட்டி வந்தவன் நான். தயங்கிய அண்ணனை நச்சரித்தவன் நான். அவனுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவனும் நான். எனக்கு அந்தப் புதுவீடு வேண்டியிருந்தது. அம்மாவோ கோபம் முழுவதையும் அண்ணன்மேலேயே வைத்தாள். சாகும்வரை அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாவலில் அந்தக் காய்ச்சலை அடித்துவிட்டு, தம்பியைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன்.

திங்கட்கிழமை அதே ரயிலில் நீங்கள் புதிய தாள்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தீர்கள். குரோம்பேட்டை, மீனம்பாக்கம், கிண்டி. நான் உட்காராமல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைதாப்பேட்டை தாண்டியதும் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

"போடலாம்னு எழுதறேன்." பிறகு மெதுவாக, "அண்ணன் இருக்காரா சார்?"

"இருக்காரு."

"புத்தகமா வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிடுங்க." பழைய தாளை ஊசியோடு என் கையில் கொடுத்தீர்கள்.

நான் சொல்லவில்லை, மேடம். பயந்தாங்கொள்ளி நான். பிறகு நீங்கள் கேட்டபோது, "சொல்லிட்டேன், அவர் ஒண்ணும் சொல்லல" என்றேன். அதுவும் காய்ச்சல்தான்.

புத்தகம் வந்து, யாரோ சொல்லி, அண்ணன் வாங்கிப் படித்திருக்கிறான். ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்தான். அந்த வீட்டுக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றான்.

"இன்னாத்துக்குடா இத்த எழுதுன? அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன், தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் ஏமாத்திக் கையெழுத்து வாங்கினேன்னு. ஒரு புள்ள மேலயாவது அதுக்குப் பாசம் இருக்கட்டும்னுதான். அம்மா போன பொறவும் இத்தினி வருசமா உன் பேரக் காப்பாத்திக்கினு வந்தேன். நீயே கெடுத்துட்டியேடா."

உள்ளே வா என்றேன். வரவில்லை. "வூடு நல்லா கீது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

நீங்கள் சொன்னபடி முன்னாலேயே போயிருந்தால் இதைப் புத்தகம் அச்சேறும் முன்பே அவன் வாயால் கேட்டிருப்பேன். அவனும் கடையில் புத்தகம் வாங்கித் தெரிந்துகொண்டிருக்க மாட்டான். அந்த வெட்கத்தில்தான் உங்களிடம் கடைசிவரை மூடி வைத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு நான்கு நாவல் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று முதலில் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நான் கேட்காமலே அவன் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். இரண்டு கையாலும் வாங்கி, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறேன்.