பல்லால் கடித்த நூல்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் தையல் கடையும் நலம், அங்கே நீங்கள் மூவரும் நலந்தானே? என் வாய்ப்புண் ஆறிவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன முறை நீ குழந்தையோடு வந்திருந்த பத்து நாளும் நான் அவளைத் தூக்கவில்லை, ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் தைக்கிற அப்பாவுக்குப் பேத்திக்கு ஒரு கவுன் தைக்க மனசு வரலையா என்று கிளம்பும்போது அம்மாவிடம் அழுதாயாம், போன வாரம்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. தைத்தேன்மா. மஞ்சள் பருத்தித் துணி, கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டி. நீ வருவதற்கு முந்தின நாள் கடைசிப் பொத்தானை வைத்து வழக்கம்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன், நாக்கோரத்தில் அப்போது புண். சாயங்காலம் போனில் பார்த்தால், வாய்ப்புண்ணுக்கு வைரஸ் காரணமாக இருக்கலாம், கைக்குழந்தைக்கு ஆபத்து என்று போட்டிருந்தது. அரைகுறையாகப் படித்துவிட்டு அடித்துப்பிடித்து ஓடிக் கவுனைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். முப்பது வருஷம் துணியோடு கிடந்தவன் செய்கிற வேலையா அது? சிவப்புச் சாயம் மஞ்சளில் இறங்கி, துணி சுருங்கி, பொம்மைக்குக்கூடப் போட முடியாது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டேன்.

போன வாரம் நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் உன் வயதுப் பெண்தான். உதட்டில் கொப்புளம் கொப்புளமாக வருவதுதான் வைரஸ், அது தொற்றும், அது இருக்கும்போது குழந்தையைக் கொஞ்சக்கூடாது என்றாள். எனக்கு வாய்க்குள்ளே திரும்பத் திரும்ப வருவது வேறு வகையாம். இதிலும் வைரஸுக்குப் பங்கு இருக்குமோ என்று ஆராய்ந்து பார்த்தும் இன்னும் உறுதியாகவில்லையாம், ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாதாம். நூலைக் கடிப்பதை முதலில் நிறுத்துங்கள் என்று நன்றாகத் திட்டினாள். இப்போது கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன், அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. மாப்பிள்ளைக்கும் அடிக்கடி வாய்ப்புண் வருமே, போனைப் பார்க்காமல் டாக்டரைப் பார்க்கச் சொல்.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குழந்தை தூங்கும்போதெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். அதே மஞ்சள் துணி வாங்கி வைத்திருக்கிறேன். குழந்தையின் அளவை எழுதி அனுப்பு என்று சொல்ல நினைத்தேன், வேண்டாம். லீவுக்குக் கூட்டிக்கொண்டு வா, மடியில் உட்காரவைத்து நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா