நயினை அம்மனுக்கு வைத்த நேர்த்தி

ஆரூரனின் அப்பாவுக்கு, நீங்களும் பிள்ளையும் சுகமாயிருக்க அம்மன் துணை.

நேற்று டொக்டரின் அறையில் நானும், கொழும்பில் நான் சமைக்கும் வீட்டுத் துஷாந்தியும், ஒரு தாதியும் இருந்தோம். என் எலும்பு மெலிந்துவிட்டதாம். பயப்படாதேங்கோ. கிழமைக்கொரு குளிசை விழுங்கவேணும், இல்லாவிட்டால் வருடத்துக்கொரு ஊசி. குளிசையை என் வயிற்றுப்புண் தாங்காது. ஊசி போட்டால் காய்ச்சல் வருமாம்.

“எதை எடுத்தால் நயினைக் கோயில் ஆனித் திருவிழாவிலை வீதி சுற்றி விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கலாம் ஐயா?” என்று கேட்டேன்.

“எதை எடுத்தாலும் ஏலாது அக்கா. முள்ளந்தண்டு முறிஞ்சிடும்” என்றார் டொக்டர்.

“அம்மனுக்கு உங்கடை எலும்போ வேணும்?” என்று துஷாந்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயில் கிடந்த ஆரூரன் பிழைத்தால் நானே அடியழிப்பேன் என்று நேர்ந்தவள் நான். அம்மன் அவனைப் பிழைக்க வைத்துவிட்டாள். இனி எலும்பைக் காப்பாற்றித்தான் என்ன?

நேர்த்தியை வேறு விதமாகத் தீர்க்கலாமோ என்று கோயில் ஐயரிடம் கேளுங்கோ. அதுவரை இரண்டு மருந்தையும் தொடமாட்டேன். கொஞ்சம் விபூதியும் வைத்து, கெதியாய்ப் பதில் போடுங்கோ.

சறோஜினிதேவி