ஒரு பாட்டு நேரம்

அன்பு மகளுக்கு,

மதியச் சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிடு.

நேற்று மாலை கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவினர் வந்ததும், "அம்மா போயி இருபது நாள்கூட ஆகல, இங்க என்ன பாட்டு?" என்று நீ உள்ளே போய்விட்டாய். பின்பு நடந்ததை நீ அறியாய். அவர்கள் பாடவேயில்லை. குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடிவந்த டெய்லர் அக்கா, "சார், ஒரு பாட்டு நேரம் உங்ககூட சும்மா உக்காந்துட்டுப் போறோம்" என்றார். பதினொரு பேரும் படிக்கட்டில் அமர்ந்தனர். "இடி மாமா வாய மூடிட்டு இருக்கறதே அதிசயம் சார்!" என்றார் ஒருவர், இடிபோன்ற குரலில் பாடும் அந்த மாமாவைக் காட்டி. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இன்று ஆராதனையில் சபையார் நடுவே எழுந்து நன்றி சொல்லப் போகிறேன். நெஞ்சு மரத்துத்தான் கிடக்கிறது. ஆயினும் அவர்கள் செய்ததைக் கண்டேன். அதைச் சொல்வதற்கு நெஞ்சு இளகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உன்மேல் எனக்குக் கோபமில்லை.

மறுபடியும் பி.கு.: புதன்கிழமை மாலை அவர்கள் திரும்ப வருவார்கள். பாடலாமா என்று உன்னிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீ வேண்டாமென்றாலும் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்களாம்.